ஆக்லாந்துக்கு வந்த மருமகன்

நான் ஆக்லாந்துக்குப் போனது பால்பவுடர் பார்க்க. மதுரைப் பக்கம் நான் வேலை பார்த்த பால் பண்ணையில் மழைக்காலத்தில் பால் வழியும், கோடையில் வற்றும். வழிகிற காலத்தில் பவுடராக்கிச் சேர்த்து வைக்கும் வித்தையைப் பத்து நாளில் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். திரும்பி வந்து முப்பது பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தேன். அதை யாரும் பிரித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. அந்தப் பத்து நாளில் எழுதத் தகுந்ததாக நான் பார்த்தது வேறு, அதற்கு அறிக்கையில் இடம் கிடையாது.

எண்பதுகளின் நடுவில் ஆக்லாந்தில் இருந்த தமிழர்களை ஒரே கல்யாணப் பந்தியில் உட்கார வைத்துவிடலாம். அவர்களில் ஒருவன் ஜெயசீலன். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவன், சென்னையில் கால்நடை மருத்துவம் படித்தபோது விடுதியில் என் அறைத்தோழன். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு மரவீட்டில் மனைவி விமலாவோடும் அக்கா ராணியோடும் குடியிருந்தான். ஓட்டலில் தங்கினால் முகத்தில் விழிக்காதே என்று கடிதம் போட்டிருந்ததால் நேராக அவன் வீட்டுக்கே போனேன்.

போவதற்கு முன் விமான நிலையத்தில் ஒரு தொல்லை. படிவத்தில் பண்ணை வேலை என்று நான் எழுதியதைப் பார்த்த அதிகாரி ஷூவைக் கழற்றச் சொல்லி அடிப்பக்கத்தை உற்றுப் பார்த்தார். சாணி ஒட்டியிருந்தால் நாட்டுக்கே ஆபத்தாம். நாம் வாசலில் தெளிக்கிற பொருள் அங்கே கடத்தல் சரக்கு. நார்த்தங்காய் ஊறுகாயை முகம் சுளித்து எடுத்து வைத்துக்கொண்டார். கருப்பட்டியை மட்டும் விரலால் தட்டிப் பார்த்து, "இது என்ன, மண்ணா?" என்றார். பனைமரத்துச் சர்க்கரை என்றேன். "இதைச் சாப்பிடுவீர்களா?" என்றார். ஆமாம் என்றதும் இரக்கப்பட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் கருப்பட்டியை ராணி அக்காவிடம் பெருமையாக நீட்டினேன். அக்காவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஜெயசீலனுக்கும் அவருக்கும் பதினைந்து வயது வித்தியாசம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு தம்பி கூப்பிட்டு வைத்துக்கொண்டான். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் சாக்ஸ்.

"பனங்கட்டியோ? வடிவாய்த்தான் இருக்கு. நான் அது தின்னுறேல்லைத் தம்பி. விமலாட்டைக் குடுங்கோ" என்றார்.

யாழ்ப்பாணத்துக்காரர் பனங்கட்டி வேண்டாம் என்று சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. சர்க்கரை வியாதி போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாடு புட்டும் ஆட்டுக்கறியும். பாக்கெட்டில் வரும் காய்ந்த தேங்காய்த் தூளை வெந்நீரில் நனைத்துப் புட்டுக்குப் போட்டிருந்தார்கள். மனிதரைவிட ஆடு அதிகமான நாடு, கறிக்குப் பஞ்சமில்லை. முருங்கைக்காய்தான் கனவில் வரும் என்றாள் விமலா. குளிர்பெட்டியின் கதவில் கடைச் சாமான் பட்டியல் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியது, அச்சுக்கோத்த மாதிரி ஒரே சீரான எழுத்து. யார் எழுதியது என்று கேட்டதற்கு, "அக்காதான். எங்கட ஊர் மானிப்பாயிலை அவவின்ர கையெழுத்துக்கு ஒரு பேர் இருந்தது" என்றான் ஜெயசீலன். அக்கா எழுந்து கோப்பைகளைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் பார்த்த முதல் அதிசயம் பால்தான். நம் ஊரில் விடியுமுன் பால் பூத்துக்கு முன்னால் செங்கல்லை வைத்து இடம் பிடிப்போம். அங்கே ராத்திரி வெளிவாசலில் காலிப் பாட்டிலுக்குள் பால் டோக்கனைப் போட்டு வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். காலையில் டோக்கன் இருந்த இடத்தில் பால் இருக்கிறது. டோக்கனையும் யாரும் எடுப்பதில்லை, பாலையும் யாரும் எடுப்பதில்லை. பத்து நாளும் ஒளிந்து நின்று பார்த்தேன், ஒரு பூனைகூட வரவில்லை.

விரி என்ற பகுதியில் பால்பவுடர் மூட்டை கட்டும் கிடங்குக்கு நான் பத்து மணிக்குப் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கித் தொலைத்தேன். எங்கு பார்த்தாலும் தகரக் கிடங்குகள், வேலிகள், லாரிகள். நடக்கிற மனிதன் நான் ஒருவன்தான். வெயில் அடித்தது, உடனே மழை பெய்தது, குடையை விரித்ததும் காற்று அதைப் பின்பக்கமாக மடித்துப் போட்டது. கடைசியில் ஒரு லாரிக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். மாவோரிக்காரர், அந்த மண்ணின் பூர்வகுடி, என்னைப்போல் இரண்டு மடங்கு பெரிய ஆள்.

"உங்கள் மலை எது?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. "உங்கள் ஆட்கள் எந்த மலைக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்? எந்த ஆறு?" என்று விளக்கினார். அவர்களில் ஒருவரை அறிமுகம் செய்துகொள்வது அப்படித்தானாம், பெயர் பிறகுதான். யானைமலை, வைகை என்றேன். ஆறு பெரிதா என்று கேட்டார். பெரிதுதான், தண்ணீர்தான் இருப்பதில்லை என்றேன். மனம்விட்டுச் சிரித்துவிட்டுக் கிடங்கு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது தொலைபேசி ஓயாமல் மணியடித்துக்கொண்டிருந்தது. பத்திரிகையில் ஒரு பேட்டி வந்திருந்தது. லண்டனிலிருந்து ஒரு நாடகக் குழு ஆக்லாந்தில் வந்து ஆடிக்கொண்டிருந்தது. அதில் முக்கிய நடிகர் ஒருவர், தொலைக்காட்சியிலும் தெரிந்த முகம். (அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.) இருபது வருடமாக அவருடைய குறிப்பில் 'போர்ச்சுகீசிய வம்சாவளி' என்று போட்டுக்கொண்டிருந்தார்களாம். போன வருடம் தாயார் இறந்ததும் இனிப் பொய் வேண்டாம் என்று முடிவு செய்ததாகப் பேட்டியில் சொல்லியிருந்தார். அப்பா லிவர்பூலில் பிறந்த ஐரிஷ்காரர். அம்மாவின் தந்தை ஸ்காட்லாந்துக் கப்பல் இன்ஜினீயர். அம்மாவின் தாய் இலங்கையில் மானிப்பாயைச் சேர்ந்த தமிழ்ப் பெண், கிரேஸ் என்று பெயர், நர்ஸ். அவளுடைய தம்பி அங்கே ஒரு மிஷன் பள்ளித் தலைமையாசிரியர்.

அந்தத் தலைமையாசிரியர்தான் ஜெயசீலனின் அப்பா.

ஜெயசீலன் குதித்தான். "எங்கட கிரேஸ் மாமியடா! அப்பான்ர அக்கா! நான் பிறக்க முன்னமே கப்பல்காரனோட போனவ!" ஆமாம் என்பதை ஓம் என்பது போல அப்பாவின் சகோதரியை அவர்கள் மாமி என்பார்கள், நாம் அத்தை என்கிறோம். விரல் விட்டு முறை கூட்டிப் பார்த்து, மாமியின் மகள் எனக்கு மச்சாள், மச்சாளின் மகன் அக்காவுக்கு மருமகன் என்று தீர்ப்புச் சொன்னான். ஐம்பதை நெருங்கும் வெள்ளைக்கார நடிகர் ஒரே நிமிடத்தில் மருமகன் ஆகிவிட்டார். ராணி அக்கா மட்டும் பேட்டியை மூன்று தரம் படித்துவிட்டுப் பத்திரிகையை நான்காக மடித்தார். "அவவுக்கு எங்கட ஊர் பேர் ஞாபகம் இருந்திருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா என்று முடிவாகிவிட்டது. நாடகக் கொட்டகைக்குத் தொலைபேசியில் சொன்னார்கள், அவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டாராம்.

மூன்றாம் நாள் எனக்குப் பிற்பகலில் வேலை இல்லை. சாமான் வாங்கத் துணைக்கு வருகிறீர்களா என்று ராணி அக்கா கூப்பிட்டார். மவுண்ட் வெல்லிங்டனில் பெரிய கடைவளாகம் ஒன்று உண்டு, ஒரே கூரைக்கடியில் நூறு கடைகள். வெங்காயத்தூள், அரிசி எல்லாம் வாங்கியபின் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்றார்.

"நீங்கள் பத்து நாளிலை போயிடுவியள். அதுதான் உங்களிட்டைச் சொல்லுறன். சீலனுக்குத் தெரியாது. அவன் பிறக்க முன்னம் நடந்தது."

கிரேஸ் மாமி காய்ச்சலில் கிடந்த கப்பல்காரரை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டு, பிறகு அவரையே கட்டிக்கொண்டு போனவர். வீடு அவரைத் தலைமுழுகிவிட்டது. மாப்பிள்ளையும் அதே சபைக் கிறிஸ்தவர்தான், அதே ஜெபம்தான். ஆனால் வெள்ளைக்காரனின் கடவுளைக் கும்பிடலாம், வெள்ளைக்காரனுக்குப் பெண் கொடுக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். மாமி ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் தம்பிக்குக் கடிதம் போடுவார். தம்பி, அதாவது அக்காவின் அப்பா, அதைத் தொடமாட்டார். வேண்டாத கடிதத்தைத் திருப்ப வேண்டுமானால் உறைமேல் அப்படி எழுதித் தர வேண்டும் என்பான் தபால்காரன். அந்தப் பெயர் இருக்கிற உறையில் என் பேனா படாது என்பது அப்பாவின் வைராக்கியம்.

"எனக்கு ஆறு வயசு. அப்பதான் இங்கிலீசு எழுத்துப் பழகினனான். அப்பா என்னைக் கூப்பிட்டு, 'ஏற்க மறுக்கப்பட்டது, அனுப்பியவருக்கே திருப்புக' எண்டு இங்கிலீசிலை எழுதச் சொல்லுவார். வடிவாய் எழுதினால் ஒரு துண்டு பனங்கட்டி. நான் அதுக்காக எவ்வளவு கவனமாய் எழுதினனான் தெரியுமே தம்பி? கோடு போட்டு எழுதுவன். அடுத்த கடிதம் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டு இருப்பன்."

வருடத்துக்கு ஒன்றாக ஐந்து வருடம் எழுதியிருக்கிறார். ஒரு வருடம் நெருப்புக் காய்ச்சல், நாம் டைபாய்டு என்பது. படுக்கையில் கிடந்தவரை நிமிர்த்தி உட்கார வைத்துப் பேனாவைக் கையில் கொடுத்தாராம் அப்பா. அதற்கு அடுத்த வருடத்தோடு சரி. யுத்தம் வந்தது, கடிதம் வருவது நின்றது. என்ன எழுதினோம் என்பது பதினாறு வயதில்தான் உறைத்ததாம். அன்றிலிருந்து பனங்கட்டி தொண்டையில் இறங்கவில்லை.

"உந்தப் பொன்னாடை போர்த்திறதுக்கு முன்னம் அந்தப் பிள்ளையிட்டை நான் இதைச் சொல்ல வேணும். சொல்லாமல் மேடையிலை நிண்டு சிரிச்சனெண்டால் எனக்கு மனுசத்தனம் இல்லை. அவர் காறித் துப்பினாலும் பரவாயில்லை."

சின்னப் பிள்ளை செய்தது தானேக்கா என்றேன். அது அவர் தனக்குத் தானே ஆயிரம் தரம் சொல்லிப் பார்த்து ஒத்துக்கொள்ளாத சமாதானம் என்று முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை விழாச் சாப்பாட்டுக்குக் காய்கறி வாங்க ஜெயசீலன் புக்கெகோஹிக்குப் புறப்பட்டான். ஆக்லாந்துக்குத் தெற்கே செம்மண் பூமி, வெங்காயமும் உருளைக்கிழங்கும் கண்ணுக்கெட்டின மட்டும். தோட்டக்காரர்களில் குஜராத்திகள் பலர் என்பதால் பச்சை மிளகாய்கூடக் கிடைக்கும். கூட வந்தவர் ஆறுமுகம், மலேசியாத் தமிழர், சங்கத் தலைவர். சங்கத்தின் பொன்னாடை அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஆக்லாந்து முழுமைக்கும் ஒரே பொன்னாடை. விழா முடிந்ததும் போர்த்திக்கொண்டவரிடமிருந்து பவ்யமாக வாங்கி மடித்து, பூச்சி உருண்டை போட்டுப் பெட்டியில் வைத்துவிடுவாராம். இதுவரை ஏழு பேருக்குப் போர்த்தியாகிவிட்டது.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலையில் கார் புகைவிட்டு நின்றது. வெங்காய மூட்டைகளோடு நாங்கள் மூவரும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். இன்ஜின் ஆறும்வரை வேறு வேலை இல்லாததால் நடிகர் எத்தனை பங்கு தமிழர் என்ற விவாதம் நடந்தது.

"கால்வாசிதான் லா. பாட்டி முழுசு, அம்மா பாதி, அவரு கால்" என்றார் ஆறுமுகம். "மேடையில தமிழர்னு சொல்லலாமா, தமிழ் வம்சாவளினு சொல்லணுமா?"

"ஏன் சார், பால்ல கொழுப்பு பாக்குற மாதிரியில்ல பாக்குறீங்க" என்றேன். என் தொழில் புத்தி.

"முறையிலை கால் மருமகன், அரை மருமகன் எண்டு இருக்கோ? மருமகன் எண்டால் மருமகன்தான்" என்று முடித்தான் ஜெயசீலன். சொல்லிவிட்டுச் சட்டைப்பையிலிருந்து விழாவில் படிக்கப் போகும் பேச்சை எடுத்தான். எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டினான். முதல் வரி, 'எங்கள் குடும்பம் கிரேஸ் மாமியை ஒருநாளும் மறந்ததில்லை' என்பது.

எப்படி என்று கேட்டான். இன்ஜின் ஆறியிருக்கும் பார் என்றேன்.

வரிசை மாற்றி ஞாயிற்றுக்கிழமை விழாவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அவ்வளவு முக்கியமில்லை. சர்ச் மண்டபத்தில் அறுபது பேர். குழந்தைகள் தமிழ்த்தாய் வாழ்த்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினார்கள். நடிகர் வடையைச் சட்னியில்லாமல் ஆறு தின்றார். ஜெயசீலன் எழுதி வைத்த பேச்சைப் படிக்கவில்லை. பொன்னாடையைத் திருப்பித் தர வேண்டும் என்ற வழக்கம் நடிகருக்குத் தெரியாது, அதைப் போர்த்தியபடியே டாக்சியில் ஏறிப் போய்விட்டார். கேட்க யாருக்கும் துணிவில்லை. ஆறுமுகம் டாக்சி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி, அதற்கு முதல் நாள்.

சனிக்கிழமை மதியம் ராணி அக்கா நல்ல சேலை கட்டி, என்னையும் கூட்டிக்கொண்டு, கடைக்குப் போய்வருகிறோம் என்று புறப்பட்டார். "சனிக்கிழமை பின்னேரம் எந்தக் கடை திறந்திருக்கு மச்சாள்?" என்றாள் விமலா. அது உண்மை. அந்த ஊரில் சனி மத்தியானம் கடையைச் சாத்தினால் திங்கட்கிழமைதான். முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவருக்குத் தானாக ஒரு பொய் சொல்லத் தெரியவில்லை. "தம்பிக்குக் கடல் காட்டப் போறன்" என்றார். மழை தூறிக்கொண்டிருந்தது.

பஸ்ஸும் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு வரவில்லை. வந்தது பாதி வழியில் வேறு பஸ்ஸுக்கு மாற்றிவிட்டது. அக்கா வழியெல்லாம் உதட்டுக்குள் ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் காட்சி ஆரம்பித்து வெகுநேரம் ஆகிவிட்டது. பின்வாசலில் ஒரு கிழவர் ரேடியோவில் ரக்பி கேட்டுக்கொண்டிருந்தார். நடிகரைப் பார்க்க வேண்டும் என்றோம்.

"நல்ல நேரத்தில் வந்தீர்கள். அவரை இப்போதுதான் கொன்றார்கள்" என்றார் கிழவர். நாடகத்தில் நடிகர் ஒரு துருக்கி நகை வியாபாரி, பாதியில் கொலையாகிவிடுவார். முடிவில் எல்லோரோடும் சேர்ந்து வணக்கம் சொல்ல மட்டும் மேடைக்குப் போனால் போதும். "யார் வந்திருப்பதாகச் சொல்ல?"

அக்கா டீச்சர் ஆங்கிலத்தில் நிமிர்ந்து சொன்னார். "சொந்தக்காரர் என்று சொல்லுங்கள்."

சின்ன அறை. நடிகர் சட்டையில் பொய் ரத்தத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் மாநிறம் பூசியிருந்தார், எதற்கென்று எனக்குத் தெரியவில்லை, அடியிலும் அதே நிறம்தான் இருந்தது. சுவரிலிருந்த ஒலிபெருக்கியில் மேடையில் நடப்பது கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். நாளைய விழாக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, கலகலப்பாகப் பேசினார். நாலு தரம் அராபியனாகவும் இரண்டு தரம் கிரேக்கத் திருடனாகவும் நடித்தாயிற்று, தமிழனாக நடிக்க மட்டும் யாரும் வேஷம் எழுதவில்லை என்றார். "இந்த ஊர்க் கடைகளில் என்னை மாவோரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் மறுப்பதில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறேன்" என்றார்.

அக்காவின் காதில் இதெல்லாம் விழவில்லை. அவர் நடிகரின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் வாழ்த்து அட்டைகளுக்கு நடுவே பழுப்பேறிய ஓர் உறை செருகியிருந்தது. பழைய பிரிட்டிஷ் தபால்தலை, மானிப்பாய் விலாசம். அதன் குறுக்கே, அளவெடுத்து எழுதிய மாதிரி ஒரே சீராக, இரண்டு வரி. குளிர்பெட்டிக் கதவில் பார்த்த எழுத்தை எனக்கே அடையாளம் தெரிந்தது.

நடிகர் அவருடைய பார்வையைக் கவனித்துவிட்டார். "அது என் ராசி உறை" என்றார். "எந்த ஊரில் ஆடினாலும் கண்ணாடியில் வைத்துக்கொள்வேன். பாட்டி தன் தம்பிக்கு வருடம் ஒரு கடிதம் போடுவாள், அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். ஐந்து உறையில் இந்தக் குழந்தைக் கையெழுத்து இருக்கிறது. லிவர்பூலில் குண்டு விழுந்த வருடம் பாட்டி போய்விட்டாள், அப்போது எனக்கு மூன்று வயது. இதெல்லாம் அம்மா சொன்னது. உறை திரும்பி வரும் நாள் பாட்டிக்குத் திருநாளாம். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாளாம். எங்கள் வீட்டிலிருந்து கடிதம் வந்திருக்கிறது என்பாளாம். இந்த ஒன்று வந்த அன்று கேக் செய்து தெருவுக்கே கொடுத்தாளாம். ஏன் என்று அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை."

"நீங்கள் யாரும் திறந்து பார்க்கவில்லையா?" என்று நான் கேட்டேன்.

"எங்களுக்கு வந்த கடிதம் இல்லையே" என்றார்.

ராணி அக்கா எழுந்து நின்றார். ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. "இதை எழுதின பிள்ளை நான்தான்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். "என் அப்பாவுக்கு வந்தது. நான்தான் திருப்பினேன். ஐந்தையும் நான்தான்."

மேடையில் யாரோ யாரையோ கொலைகாரா என்று கத்துவது ஒலிபெருக்கியில் கேட்டது. நடிகர் எட்டி அந்த உறையை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்குமுன் எழுதுவதற்கு ஏதாவது கேட்டார். மேசையில் பேனா இல்லை, புருவம் தீட்டும் பென்சில்தான் இருந்தது. உறையை மேசைமேல் வைத்து, தான் எழுதிய பழைய வரிகளுக்குக் கீழே, 'பெற்றுக்கொண்டேன்' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கொண்டையிலிருந்து ஊசியை உருவி உறையைக் கிழித்தார். ஒற்றைத் தாள். வாய்விட்டுப் படித்தார். டீச்சர் குரல்தான், முதல் இரண்டு வரிவரை.

'பெயர் தெரியாத பிள்ளைக்கு உன் மாமி எழுதுவது. தம்பி இதைத் திறக்கமாட்டான் என்று தெரியும். அதனால் இனி உனக்கே எழுதுகிறேன். நீயும் திறக்கமாட்டாய், பரவாயில்லை. உறையில் உள்ளது தம்பியின் எழுத்தல்ல, பிள்ளை எழுத்து என்று முதல் வருஷமே கண்டுகொண்டேன். அவனுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியப்படுத்தியது நீதான். வருஷத்துக்கு வருஷம் உன் எழுத்து வளர்கிறதைப் பார்க்கிறேன். இதைத் தவிர நம்முடைய வீட்டுச் செய்தி எனக்கு வேறொன்றும் வருவதில்லை.

'போன வருஷம் வந்த உறையில் உன் எழுத்து நடுங்கியிருந்தது. நான் நர்ஸ், காய்ச்சல்காரர் கை எனக்குத் தெரியும். உனக்கு என்ன, பிள்ளை? ஒரு வருஷமாய் உனக்காக ஜெபம் செய்கிறேன். நீ சுகப்பட்டிருந்தால் இந்தத் தடவை எழுத்து நேராக நிற்கும், பார்த்துத் தெரிந்துகொள்வேன். ஆகையால் மறக்காமல் திருப்பி அனுப்பு.'

நடிகர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கேக் எதற்கு என்பது அவருக்கும் புரிந்துவிட்டது. நிமிர்ந்து நிற்கும் அந்த இரண்டு வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். கதவைத் தட்டி யாரோ மேடைக்கு வரச் சொன்னார்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தார்.

ராணி அக்கா தாளை மடிக்கவில்லை. எதிரே ஆள் இருப்பது போல அதைப் பார்த்து, எங்கள் இருவரையும் மறந்து, பதில் சொன்னார்.

"ஓம் மாமி. அனுப்பினனான்."